கட்டியை மட்டும் எடுத்தாச்சு… இனி?

சிறுநீரகத்தில் 4 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டி என்றால், முழுச் சிறுநீரகத்தையும் எடுக்காமல் கட்டியை மட்டும் அகற்ற முடியுமா என்றுதான் இன்று முதலில் பார்க்கிறார்கள். கட்டியை மெல்லிய விளிம்போடு வெட்டியெடுத்து, மிச்சத்தைத் தைத்துவிடுவது ஒரு வழி. சுமார் 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால், தோல் வழியாக ஊசி செலுத்தி வெப்பத்தாலோ கடுங்குளிராலோ கட்டியை அழிப்பது இன்னொரு வழி. சிகிச்சைக்குப் பிறகான வாழ்க்கை பற்றித் தொண்டி முதல் சாயல்குடி வரையிலிருந்து வாசகர்கள் கேட்டவை இவை. பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் தருகிறோம்.

விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறேன். இடது சிறுநீரகத்தில் 3 செ.மீ. கட்டி இருப்பதைப் பிப்ரவரியில் கண்டுபிடித்தார்கள். ஆபரேஷனை மீன்பிடித் தடைக்காலத்துக்குத் தள்ளிவைக்கலாமா? அப்புறம் எத்தனை நாளில் கடலுக்குப் போகலாம்? — ராமேஸ்வரம்

உங்கள் மருத்துவர் ஸ்கேனைப் பார்த்துச் சரி என்றால் தள்ளிவைக்கலாம். இந்த அளவுக் கட்டிகள் சராசரியாக ஆண்டுக்கு 2, 3 மில்லிமீட்டர்தான் வளர்கின்றன. இரண்டு மாதக் காத்திருப்பால் பொதுவாகக் கெடுதல் வருவதில்லை. கட்டி வேகமாக வளர்ந்தாலோ, சிறுநீரில் ரத்தம் போனாலோ மட்டும் காத்திருக்க வேண்டாம்.

கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அந்த முதல் வாரத்திலேயே அறுவை சிகிச்சை நடக்கிற மாதிரி நாள் வாங்குங்கள். ரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி., மயக்க மருத்துவர் பார்வை எல்லாவற்றையும் மார்ச்சிலேயே முடித்துவிடுங்கள். முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையில் பெயர் சரியாக இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அட்மிட் ஆகும் நேரத்தில் அலைச்சல்தான்.

நுண்துளை வழியாகவோ ரோபோ கருவியாலோ செய்தால் 6 முதல் 8 வாரத்தில் பாரம் தூக்கும் வேலைக்குத் திரும்பலாம். தடை முடிகிற நாளும் ஏறக்குறைய அதுதான். விலாவுக்குக் கீழே நீளமாக வெட்டித் திறந்து செய்தால் 12 வாரம் வேண்டும், அதாவது ஆடி மாதம் வரை. உங்களுக்கு எந்த முறை என்பதை இப்போதே கேட்டுவையுங்கள்; அதை வைத்துத்தான் வீட்டுச் செலவுக்கு ஏற்பாடு செய்ய முடியும்.

இத்தனை வாரம் எதற்கு? உங்கள் உடம்பில் காயம் இரண்டு இடத்தில் இருக்கிறது. வெளியே தெரிவது வயிற்றுத் தசையில். தெரியாதது சிறுநீரகத்தில். இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இரண்டு சிறுநீரகங்களுக்கும் போகிறது. அவ்வளவு ரத்தம் ஓடும் இடத்தை வெட்டித் தைத்திருக்கிறார்கள். பத்தாம் நாள் தோலில் தையல் பிரித்ததும் வெளிக்காயம் ஆறிவிட்ட மாதிரி இருக்கும், உள்ளே இன்னும் ஆறியிருக்காது.

அதனால் முதல் 6 வாரம் 5 கிலோவுக்கு மேல் எதையும் தூக்காதீர்கள். ஒரு பிளாஸ்டிக் குடம் நிறையத் தண்ணீரே 12 கிலோவுக்கு மேல் வரும். நடையை மட்டும் நிறுத்தக் கூடாது. மறுநாளே வார்டில் நடக்கத் தொடங்கி, இரண்டாவது வாரத்தில் தினம் அரை மணி நேரமாவது நடங்கள். காலில் ரத்தம் உறையாமல் இருக்கவும், நெஞ்சில் சளி கட்டாமல் இருக்கவும் அதுதான் மருந்து. மலச்சிக்கல் வந்தால் முக்காமல், இளக்க மருந்து கேட்டு வாங்குங்கள்.

கடலுக்குத் திரும்பிய முதல் நாலைந்து கடல் பயணத்தில் மடி (வலை) இழுப்பதும் ஐஸ் பெட்டி தூக்குவதும் உங்கள் வேலையாக இருக்க வேண்டாம். மீன் பிரிக்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். படகு டிரைவரிடம் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.

கட்டியை எடுத்து 12 நாள் ஆகிறது. சிறுநீர் தெளிவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நேற்று திடீரென்று சிவப்பாகப் போய், தானே நின்றுவிட்டது. வலி இல்லை. மதுரைக்குப் போக வேண்டுமா? — தங்கச்சிமடம்

இந்தப் பக்கத்துக்குக் காத்திருக்காமல் ஏற்கெனவே போயிருப்பீர்கள் என்று நம்புகிறோம். மற்றவர்களுக்காக விளக்கமாகவே சொல்கிறோம். இந்தச் சிகிச்சைக்குப் பிறகு உயிருக்கு ஆபத்தாகக்கூடிய முக்கியமான சிக்கல்களில் இது ஒன்று.

ஆபரேஷன் முடிந்த முதல் சில நாள் சிறுநீர் இளஞ்சிவப்பாக, தண்ணீர் அதிகம் கலந்த ரோஸ் மில்க் மாதிரி போவது வழக்கம். அது தெளிந்துவிட்ட பிறகு, பெரும்பாலும் இரண்டாவது வாரத்தை ஒட்டி, சில நேரம் ஒரு மாதம் கழித்துக்கூட, மறுபடி சிவந்தால் கதை வேறு. தைத்த இடத்தில் ஒரு சிறு தமனியின் சுவர் பலவீனமாகி, பலூன் மாதிரி புடைத்திருக்கலாம். அது சிறுநீர் போகும் பாதைக்குள் உடைந்தால் ரத்தம் வரும், உறைந்தால் நிற்கும், உறைகட்டி கரைந்ததும் மறுபடி வரும். தானே நின்றுவிட்டது என்பதை நம்பக் கூடாது என்பது இதனால்தான். வலி இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இதற்கு மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. ரத்தக்குழாய் சி.டி. ஸ்கேனில் இடத்தைக் கண்டுபிடித்து, தொடை வழியாக மெல்லிய குழாய் செலுத்தி, அந்த ஒரு சிறு கிளையை மட்டும் சுருள்கம்பி வைத்து அடைத்துவிடுவார்கள். சிறுநீரகம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அந்த வசதி எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்காது. ராமேஸ்வரம் தீவிலிருந்து மதுரைக்கு சுமார் 170 கிலோமீட்டர். எனவே மூன்று விஷயம் செய்யுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போதே, ரத்தக்குழாய் அடைக்கும் வசதி எங்கே இருக்கிறது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். முடிந்தால் முதல் இரண்டு வாரம் மதுரையிலோ ராமநாதபுரத்திலோ உறவுக்காரர் வீட்டில் தங்குங்கள். சிவப்பு தெரிந்ததும் பஸ்ஸில் நின்றுகொண்டு போகாமல் 108-ஐக் கூப்பிட்டுப் படுத்தபடி போங்கள். தலைசுற்றல், வியர்வை, நெஞ்சு படபடப்பு, உறைகட்டி விழுவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது ஆகியவை ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. சிறுநீர் தடையில்லாமல் இறங்க உள்ளே ஸ்டென்ட் குழாய் வைத்திருப்பவர்களுக்கு, அதிகம் நடந்தாலோ பைக்கில் போனாலோ லேசாக ரோஸ் நிறம் தெரியும். தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தால் சில மணி நேரத்தில் தெளியும். நன்னாரி சர்பத் நிறத்துக்கு அடர்ந்தால் அது ஸ்டென்ட் வேலை இல்லை என்று எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். ஸ்டென்டை எடுக்கும் தேதியையும் காலண்டரில் குறித்துவையுங்கள். பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்தில் எடுப்பார்கள். மறந்து வருடக்கணக்கில் விட்டால் அதன் மேலேயே கல் படியும்.

இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோகிரல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எந்தத் தேதியில் மறுபடி தொடங்குவது என்பதை அறுவை மருத்துவரிடமே கேளுங்கள். பழைய சீட்டைப் பார்த்துத் தாங்களாகத் தொடங்க வேண்டாம்.

எனக்கு 58 வயது, ஆண். ஆபரேஷனுக்கு முன் கிரியாட்டினின் 1.0. மூன்று மாதம் கழித்து 1.2. லேப்பில் நார்மல் என்கிறார்கள். சிறுநீரகம் கெடுகிறதா இல்லையா? — ராமநாதபுரம்

கெட்டுக்கொண்டிருக்கவில்லை. கொஞ்சம் குறைந்து நின்றிருக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுதான் கிரியாட்டினின். அந்த எண்ணை மட்டும் பார்க்காமல், அதோடு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். எண்ணைப் பாருங்கள். நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தம் வடிகட்டப்படுகிறது என்பதன் மதிப்பீடு அது. உங்கள் வயதில் 1.0 என்றால் சுமார் 87. 1.2 என்றால் சுமார் 70. ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. கட்டியோடு போன திசு, தையலில் இறுகிய திசு, ஆபரேஷனின்போது ரத்தக்குழாயைக் கிளிப் போட்டு நிறுத்திய நிமிடங்கள் என எல்லாம் சேர்ந்த விளைவு அது. எதிர்பார்க்கிற அளவுதான்.

அதே 1.2, அதே 58 வயதில் ஒரு பெண்ணுக்கு வந்திருந்தால் இ.ஜி.எஃப்.ஆர். 52 பக்கம் இருக்கும். லேப் சீட்டில் தடித்த எழுத்தில் வராமல் போகலாம், நார்மல் என்றே சொல்லியிருக்கலாம். ஆனால் 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் அதற்கு நாள்பட்ட சிறுநீரகக் குறைபாடு என்று பெயர். நம் வீட்டுப் பெண்களின் ரிப்போர்ட்டில் இந்த எண்ணைத் தவறாமல் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது மாதத்து எண்ணை உங்கள் புதிய அளவுகோலாக வைத்துக்கொண்டு, இனி ஒவ்வொரு முறையும் அதோடு ஒப்பிடுங்கள். பரிசோதனைக்கு முந்தைய இரவு கறியோ மீனோ வயிறு நிறையச் சாப்பிட்டால் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறிக் காட்டும். தண்ணீர் குடிக்காமல் போனாலும் அப்படித்தான். கூடவே சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவையும் பாருங்கள்; வரப்போகும் கெடுதலை கிரியாட்டினினுக்கு முன்பே அது காட்டிக்கொடுக்கும். ரத்த அழுத்தம் 130/80-க்குள் இருக்கட்டும். சர்க்கரை இருந்தால் அதுவும் கட்டுக்குள். இருக்கும் 70-ஐ இருபது வருடத்துக்குக் காப்பாற்றித் தருவது இவைதான்.

பனையேறுகிறேன். கட்டியை எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. மூட்டும் இடுப்பும் வலித்தால் ஊசி போட்டுக்கொண்டுதான் மறுநாள் ஏற முடிகிறது. போடலாமா? — கடலாடி

வேண்டாம். இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம்.

வலிக்குப் போடும் அந்த ஊசி பெரும்பாலும் டைக்ளோஃபெனாக். வெயிலில் வியர்த்து உடம்பில் நீர் குறையும்போது, சிறுநீரகம் தனக்கு ரத்தம் குறையாமல் இருக்க உள்ளே வரும் குழாயை விரித்து வைத்துக்கொள்கிறது. அப்படி விரிக்கிற ரசாயனத்தைத்தான் இந்த மருந்து அடைக்கிறது. வலி குறைகிற அதே நேரத்தில் சிறுநீரகத்துக்கு வரும் ரத்தமும் குறைகிறது. ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், டெல்மிசார்ட்டன் வகை மாத்திரையும், நீர் போவதற்கான மாத்திரையும் சேர்ந்திருந்தால் ஒரே வாரத்தில் கிரியாட்டினின் எகிறிவிடக்கூடும். பதநீர் சீசனில், கடும் வெயிலில் ஏறி இறங்குகிற உங்களுக்கு ஆபத்து மற்றவர்களைவிட அதிகம்.

பாராசிட்டமால் 650 சாப்பிடலாம். ஒரு மாத்திரைக்கும் அடுத்ததற்கும் 6 மணி நேர இடைவெளி, நாளுக்கு 4-க்கு மேல் வேண்டாம். மது அருந்துகிறவராகவோ கல்லீரல் கோளாறு உள்ளவராகவோ இருந்தால் இன்னும் குறைவாக, மருத்துவரைக் கேட்டு. வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் பின்பக்கத் தாளைப் படியுங்கள். பாராசிட்டமால் என்று கேட்டால் கொடுக்கும் சில மாத்திரைகளில், அதன் பெயருக்குப் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் அசெக்ளோஃபெனாக் என்றோ இபுப்ரூஃபன் என்றோ இருக்கும். அது இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வலிக்கான களிம்பைச் சின்ன இடத்தில் சில நாள் தடவுவதில் பெரிய ஆபத்தில்லை.

நாட்டு மருந்துக் கடைக் கஷாயமும் கவனம். பூச்சிக்கும் விஷக்கடிக்கும் கொடுக்கிற ஆடுதின்னாப்பாளையில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. அது சிறுநீரகத்தை நாராக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றையும் உண்டாக்கும். என்னென்ன சேர்ந்தது என்று எழுதப்படாத சூரணம் எதுவும் வேண்டாம்.

பனையேற்றம் பற்றி: ஐந்து மாதம் ஆகிவிட்டதால் காயம் தாங்கும். மார்பையும் வயிற்றையும் மரத்தில் அழுத்தி ஏறும்போது வெட்டிய பக்கம் சுருக்கென்று பிடித்தால் அன்றைக்கு இறங்கிவிடுங்கள். முதலில் குட்டை மரங்கள். ஒரு நாளைக்கு ஏறும் மரங்களின் எண்ணிக்கையை வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

கருவாடு இல்லாமல் எங்கள் வீட்டில் சோறு இறங்காது. முழுக்க நிறுத்த வேண்டுமா? எங்கள் கிணறு உவர்ப்பு, அதுவும் கெடுதலா? தினம் எத்தனை லிட்டர் தண்ணீர் குடிப்பது? — மண்டபம்

கருவாட்டின் மேல் நமக்கு விரோதம் இல்லை. கணக்கு உப்போடுதான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளுக்கு 5 கிராம் உப்பு, ஒரு சமதளத் தேக்கரண்டி. சமையல், ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். உப்பில் ஊறவைத்துக் காயவைத்த கருவாட்டின் எடையில் பத்தில் ஒரு பங்கு உப்பு என்று வைத்துக்கொண்டாலே, 50 கிராம் துண்டில் ஒரு நாள் கோட்டா முடிந்துவிடுகிறது.

எனவே வாரத்துக்கு ஒருமுறை, சின்னத் துண்டு. உப்பு போடாமல் வெறும் வெயிலில் காய்ந்த நெத்திலி கிடைத்தால் அதை வாங்குங்கள். எதுவானாலும் சுடுநீரில் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, இன்னொரு முறை கழுவுங்கள். உப்பு முழுதும் போகாது, நன்றாகக் குறையும். கருவாட்டுக் குழம்பில் தனியாக உப்பே போடாதீர்கள். கத்தரிக்காயும் மாங்காயும் சேர்த்தால் குறை தெரியாது. அன்றைக்கு ஊறுகாயும் வேண்டாம்.

சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பை வாங்கிவிடாதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் குறைந்தவர்களுக்கு, அதுவும் மேலே சொன்ன ரத்த அழுத்த மாத்திரைகளோடு, பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

உவர்ப்புக் கிணற்றுத் தண்ணீரும் உப்புக் கணக்கில் சேரும். பாத்திரம் கழுவ, குளிக்க வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கவும் உலை வைக்கவும் காவிரிக் கூட்டுக் குடிநீரையோ சுத்திகரித்த நீரையோ பயன்படுத்துங்கள். உவர்நீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு அப்படியே இருக்கும். நீர் வற்ற வற்றக் கரிப்பு கூடத்தான் செய்யும்.

எத்தனை லிட்டர் என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொதுவான ஓர் எண்ணைச் சொல்ல மாட்டோம். ஏ.சி. கடையில் உட்கார்ந்திருப்பவருக்கும் உப்பளத்தில் நிற்பவருக்கும் எப்படி ஒரே அளவாக இருக்கும்? சிறுநீரைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாகப் போனால் போதுமான அளவு குடித்திருக்கிறீர்கள். நல்லெண்ணெய் நிறத்துக்கு அடர்ந்தால் போதவில்லை. பெரும்பாலோருக்கு இரண்டு, இரண்டரை லிட்டரில் இது சரியாகிவிடும், வெயிலில் வேலை செய்தால் அதற்கு மேல். அதே சமயம், சிறுநீரகம் கழுவிவிடும் என்று 5 லிட்டர் குடிப்பதால் ஒரு லாபமும் இல்லை. இதய பலவீனமோ கால் வீக்கமோ உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

மீன் சாப்பிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாக. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 48 கிராம் புரதம் போதும், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் இருக்கிறது. டப்பாவில் விற்கும் புரத மாவுதான் வேண்டாம்.

கடல்பாசி எடுக்கப் போகிறவள் நான். ஊசி மூலம் கட்டியைக் கருக்கினார்கள். மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனிலும் கட்டி இருக்கிறது என்று எழுதியிருக்கிறது. தோற்றுப்போய்விட்டதா? முங்கலாமா? — பாம்பன்

ஊசிச் சிகிச்சையில் கட்டியை வெளியே எடுப்பதில்லை, அது இருந்த இடத்திலேயே செத்துக் கிடக்கும். முதல் ஸ்கேனில் முன்பைவிடப் பெரிதாகத் தெரிவதும் உண்டு, சுற்றியிருந்த கொஞ்சம் நல்ல திசுவும் சேர்ந்து கருகியிருப்பதால். மாதங்கள் போகப் போகச் சுருங்கித் தழும்பாகும். ரிப்போர்ட்டில் நீங்கள் தேட வேண்டியது அளவை அல்ல. நரம்பில் மருந்து செலுத்தி எடுத்த ஸ்கேனில் அந்த இடம் மருந்தை உறிஞ்சுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். உறிஞ்சவில்லை என்றால் ரத்த ஓட்டம் இல்லை, கட்டி செத்துவிட்டது. ஓரத்தில் பிறை மாதிரி உறிஞ்சினால் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. வெட்டியெடுப்பதைவிட இந்த முறையில் அப்படி மிச்சம் நிற்பது சற்று அதிகம்தான். ஆனால் மறுபடி ஒருமுறை ஊசி செலுத்தினால் பெரும்பாலும் முடிந்துவிடும். மருந்து செலுத்தாமல் எடுத்த வெறும் ஸ்கேன் என்றால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, சரியான ஸ்கேனை எடுத்துவிடுங்கள். இ.ஜி.எஃப்.ஆர். 30-க்கு மேல் இருப்பவர்கள் அந்த மருந்துக்குப் பயந்து ஸ்கேனைத் தவிர்க்க வேண்டியதில்லை.

முங்கலாம். மூன்று மாதத்தில் ஊசித் துளை என்றோ ஆறியிருக்கும், மூச்சடக்குவதால் சிறுநீரகத்துக்குக் கெடுதல் இல்லை. கெடுதல் வேறு இடத்தில். காலையில் போனால் மதியம் வரை தண்ணீர் குடிப்பதில்லை, ஒதுங்க இடம் இல்லை என்று சிறுநீரையும் அடக்கிக்கொள்கிறீர்கள். கிருமித் தொற்றுக்கு அது வழி. படகில் ஒரு லிட்டர் பாட்டில் கட்டாயம் இருக்கட்டும். கிளம்பும் முன்பும் கரை ஏறியதும் சிறுநீர் கழித்துவிடுங்கள். எரிச்சலும் குளிர்க்காய்ச்சலும் வந்தால் அன்றே பரிசோதியுங்கள்.

திறந்து ஆபரேஷன் செய்த பக்கம் விலாவுக்குக் கீழே புடைத்து நிற்கிறது. குடலிறக்கமா? — தேவிப்பட்டினம்

பெரும்பாலும் இல்லை. விலாவுக்குக் கீழே போகும் தசை நரம்பு வெட்டிலோ இழுப்பிலோ அடிபட்டால் அந்தப் பக்கத் தசை தளர்ந்து மொத்தமாகப் புடைக்கும், தோலும் மரத்திருக்கும். மரத்துப்போன உணர்வு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் குறையும். புடைப்பு கொஞ்சம் நிற்கலாம். அதனால் ஆபத்தில்லை. வேலைக்குப் போகும்போது வயிற்றுப் பட்டி கட்டுங்கள். இருமும்போது ஒரே இடத்தில் பந்து மாதிரி வெளியே தள்ளி, படுத்தால் உள்ளே போனால் மட்டும் ஸ்கேன் பார்க்க வேண்டும்.

எனக்கு மூன்றரை செ.மீ. கட்டிதான். ஆனாலும் முழுச் சிறுநீரகத்தையும் எடுத்துவிட்டார்கள். ஏமாந்துவிட்டேனா? — தொண்டி

கட்டியின் அளவை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ரத்தக்குழாய்கள் உள்ளே நுழையும் நடுப்பகுதியில் கட்டி புதைந்திருந்தால், சின்னதாக இருந்தாலும் மிச்சம் வைப்பது பாதுகாப்பாக இருக்காது. ஆபரேஷன் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள், காரணம் அதில் எழுதியிருக்கும்.

மனதுக்கு ஆறுதலாக அல்ல, உண்மையாகவே ஒன்று சொல்கிறோம். ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1992 முதல் 2003 வரை, 5 சென்டிமீட்டர் வரையான கட்டி உள்ள 541 பேரைச் சேர்த்து, முழுதும் எடுப்பதையும் பகுதி எடுப்பதையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. 2011-இல் முடிவு வந்தது. பகுதி மட்டும் எடுத்தவர்கள் அதிக காலம் வாழ்ந்தார்கள் என்று அது காட்டவில்லை. சிறுநீரகச் செயல்பாடு அவர்களுக்கு நன்றாக நின்றது, அவ்வளவுதான். ஒற்றைச் சிறுநீரகத்தோடு நிறைவான ஆயுள் வாழலாம். கையிருப்பு குறைவு என்பதால் வலி ஊசி, உப்பு, ரத்த அழுத்தம் பற்றி மேலே சொன்னவை உங்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

அறுவை முடிந்து நாலு மாதம். ரமலான் நோன்பு வைக்கலாமா? — கீழக்கரை

இ.ஜி.எஃப்.ஆர். 60-க்கு மேல், சர்க்கரை இல்லை, நீர் போகும் மாத்திரை இல்லை என்றால் வைக்கலாம். நோன்பு திறந்ததிலிருந்து விடியலுக்கு முந்தைய சஹர் உணவு வரை இரண்டு லிட்டரைப் பிரித்துப் பிரித்துக் குடியுங்கள். நோன்புக் கஞ்சி நல்லது, உப்பு குறைவாக. வடை, பஜ்ஜியைக் குறையுங்கள். முதல் பத்து நாள் முடிந்ததும் ஒரு கிரியாட்டினின் பாருங்கள். பழைய அளவைவிட 30 சதவீதம் ஏறியிருந்தால் நிறுத்திவிடுங்கள். 60-க்குக் கீழே உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை உண்டு.

என் கணவருக்குப் புற்று என்று சொல்லவே இல்லை, நீர்க்கட்டி என்று சொல்லி வைத்திருக்கிறோம். இப்போது ஸ்கேனுக்கு வரமாட்டேன் என்கிறார். பக்கத்து வீட்டில் கீமோ எதற்குத் தரவில்லை என்று கேட்கிறார்கள். — வாலிநோக்கம்

சொல்லிவிடுங்கள் அம்மா. அன்பால் மறைத்தீர்கள், புரிகிறது. ஆனால் நீர்க்கட்டிக்கு யார் ஐந்து வருடம் ஸ்கேன் எடுப்பார்கள்? அவர் மறுப்பதில் நியாயம் இருக்கிறது, அவருக்கு உண்மை தெரியாதே.

சொல்லும்போது நல்ல பாதியையும் சேர்த்துச் சொல்லலாம். 4 சென்டிமீட்டருக்குள் இருந்து, சிறுநீரகத்தைத் தாண்டாத புற்றில், நூற்றில் 95 பேருக்கு மேல் ஐந்து ஆண்டுக்குள் அந்த நோயால் உயிரிழப்பதில்லை. இந்த நிலைக்குக் கீமோவோ கதிர்வீச்சோ தேவையே இல்லை, தந்தாலும் பயன் இல்லை. பக்கத்து வீட்டுக்கு அதையே சொல்லுங்கள். பயாப்சி ரிப்போர்ட்டையும் ஒருமுறை நன்றாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த அளவுக் கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று புற்றாகவே இருப்பதில்லை.

ஸ்கேன் வழக்கமாக ஆபரேஷன் முடிந்து ஒரு வருடத்துக்குள் முதலாவது, பிறகு ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து ஆண்டு. வயிற்றோடு நெஞ்சையும் பார்ப்பார்கள். ஸ்கேனுக்கு முந்தைய இரண்டு வாரம் தூக்கம் போவது, எரிந்து விழுவது எல்லாம் சாதாரணம். வெட்டிய தழும்பைவிட அந்தப் பயம்தான் பலருடைய வாழ்க்கையை அதிகம் கெடுக்கிறது. ஸ்கேனும் மருத்துவர் சந்திப்பும் ஒரே நாளில் வருகிற மாதிரி நேரம் வாங்குங்கள். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் புரியாத வார்த்தைகளோடு மல்லுக்கட்டுவதுதான் கொடுமை. பழைய சி.டி.க்களை ஒரே பையில் வையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும். நீங்களும் கூடப் போங்கள்.

அப்பாவுக்கு 61 வயதில் வந்தது. பிள்ளைகள் நாங்கள் ஸ்கேன் பார்க்க வேண்டுமா? — ஏர்வாடி

இந்த வயதில், ஒரு பக்கம், ஒரே கட்டி என்றால் தேவையில்லை. 46 வயதுக்கு முன் வந்திருந்தாலோ, இரண்டு பக்கமும் அல்லது பல கட்டிகள் இருந்தாலோ, ரத்த உறவில் இன்னொருவருக்கும் இருந்தாலோ மரபணு ஆலோசனை கேளுங்கள். அது இல்லாவிட்டால் நீங்கள் செய்ய வேண்டியது, பீடி சிகரெட் இருந்தால் நிறுத்துவது, எடையைக் குறைப்பது, 30 வயது தாண்டியவர்கள் வருடத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்வது. சிறுநீரகப் புற்றுக்கு நம் கையில் இருக்கிற முக்கியக் காரணங்கள் இந்த மூன்றும்தான்.